தோள்மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொன்னார்களா? முதல் நாளிலிருந்து செய்யவேண்டியவை

திருகோணமலை கோணேசர் கோயிலில் தீபம் காட்டும்போது எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறார்கள், அப்பா மட்டும் நெஞ்சுக்கு நேரே கைகூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற நான் அதைக் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்ற அம்மாவைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "இது வயசுக்கு வாற வாதம் பிள்ளை, எண்ணெய் போட்டா விட்டிரும்" என்றார். இரண்டு வருடமாம்.

அப்பாவுக்கு இப்போது 68 வயது. திருக்கடலூரில் பிறந்து, இளம் வயதில் கரைவலை இழுத்து, பிறகு சொந்தப் படகில் தொழில் செய்தவர். இருபதுகளில் ஒருமுறை வலது தோள் கழன்று, யாரோ இழுத்துப் போட்டு, அடுத்த கிழமையே கடலுக்குப் போயிருக்கிறார். இதற்கு ஐந்து வருடம் முந்தி எனக்கும் இடது தோள் பிடித்துக்கொண்டது, எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே நோய், இரண்டு பேருக்கும் கை மேலே போகாது, இரவில் நித்திரை இல்லை. ஆனால் என்னுடையது இறுகிய தோள், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது, ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டது. அப்பாவுடையது தேய்மானம், அது விடாது, அதோடு வாழப் பழகவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், எனக்குச் சொல்லித்தந்த பயிற்சியை அப்பாவுக்கும் செய்வித்து அவரைப் படாதபாடு படுத்தியிருக்கிறேன். இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். புதிதாக இந்த வலிக்குள் வந்தவர்கள் முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள், வைத்தியம் பிறகு.

முதலில்: எது வலிக்கிறது?

தோள் எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் தலை குழிக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படி இல்லை, சின்னத் தேநீர்த் தட்டில் வைத்த தோடம்பழம் மாதிரி பெரிய உருண்டை ஒன்று ஆழமில்லாத குழியில் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. விழாமல் பிடித்துவைப்பது சுற்றியுள்ள உறையும், நான்கு சிறிய தசைகளின் நார்களும். உருண்டையிலும் குழியிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு பூசினதுபோல இருக்கும், அது தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசத் தொடங்குவதுதான் தோள்மூட்டுத் தேய்மானம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும். பழைய எலும்பு முறிவு, தோள் கழன்ற வரலாறு, நெடுநாள் கிழிந்து கிடந்த தசைநார், இவை இருந்தால் அதற்கு முன்பும் வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். படுத்துக்கொண்டு, வலிக்கும் கையை முழுக்கத் தளரவிட்டு, வீட்டில் ஒருவரை அதை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நீங்களாகத் தூக்கும்போது போகாத கை, மற்றவர் தூக்கும்போது மேலே போய்விட்டால் தசைநார் பக்கம் சந்தேகப்படலாம். யார் தூக்கினாலும் அதே இடத்தில் நின்றுவிட்டால் பூட்டு மூட்டிலோ உறையிலோ இருக்கிறது. இன்னொன்று, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மடக்கி, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இந்தத் திருப்பம் தேய்மானத்திலும் குறையும், இறுகிய தோளிலும் குறையும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எக்ஸ்ரே. தேய்மானத்தில் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி ஒடுங்கியிருக்கும், ஓரத்தில் எலும்பு முள்போல வளர்ந்திருக்கும். இறுகிய தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். தேய்மானத்தில் கையை அசைக்கும்போது கறகறவென்று உரசுகிற உணர்வும் பலருக்கு உண்டு, அப்பாவின் தோளில் கை வைத்தால் எனக்கே அது தெரியும்.

இறுகிய தோள் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் கூடுதலாக வரும், சீனி வருத்தமோ தைரொயிட் பிரச்சினையோ உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல விடுதல், எல்லாமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கலாம். தோளின் உச்சியில், காறை எலும்பு முடியும் இடத்தை ஒரு விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டுகிறீர்கள், கையைக் குறுக்கே மற்றத் தோளில் வைத்தால் குத்துகிறது என்றால், அங்கே உள்ள சின்ன மூட்டு தேய்ந்திருக்கலாம். அது வேறு மூட்டு, வைத்தியமும் கொஞ்சம் வேறு. வலி கழுத்திலிருந்து இறங்கி முழங்கையைத் தாண்டி விரல்வரை போய் விறைக்கிறது என்றால் கழுத்து எலும்பைப் பார்க்கவேண்டும்.

காலையில் எழுந்ததும் உள்ள இறுக்கத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுங்கள். தேய்மானத்தில் அரை மணித்தியாலத்துக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இறுகியிருக்கிறது, இரண்டு தோளும் வலிக்கிறது, கைவிரல் மொளிகளும் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் நோய், எவ்வளவு விரைவாக மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டு தப்பும். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற குளிசையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டில் வயதானவர் ஒருவர் அதை எடுக்கிறார் என்றால் எந்தக் கிழமை நாள் என்பதைப் பெட்டியிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாத வலிகள்

இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் தோளைப் பற்றி யோசிக்கவேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், இலங்கையில் அந்த அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும் என்பதை நினைவில் வைத்திருங்கள். தோள் சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விழுந்தபிறகு தோளின் வடிவம் மாறியிருப்பது, கை திடீரென்று பலமிழப்பது, இரவு பகல் எப்படி வைத்தாலும் ஓயாத வலியோடு உடம்பு மெலிவது, இவற்றுக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

நம் ஊரில் வழி நேரானது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ, கிண்ணியா, மூதூர் பக்கம் என்றால் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கோ முதலில் போய்க் காட்டுங்கள், தேவை என்றால் அவர்களே எலும்பு கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, நேரம்தான் போகும், விடியவே போய்விடுங்கள். தனியாரிடம் போவதானாலும் பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டாவது தரம் எடுக்கத் தேவையில்லாமல் போகலாம்.

டொக்டருக்கு முன்னால் இருக்கும் நேரம் கொஞ்சம், அதனால் முதல் நாளே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் எத்தனை தரம் எழுப்புகிறது, முன்பு விழுந்தீர்களா, தோள் கழன்றதா, என்ன மருந்தெல்லாம் குடிக்கிறீர்கள். பாமசியில் சும்மா வாங்கிப் போட்டதையும் நாட்டு மருந்தையும் சேர்த்தே எழுதுங்கள். அப்பா அந்தப் பழைய தோள் கழன்ற கதையைச் சொல்லவே இல்லை, "அது நாற்பது வருசத்துக்கு முந்தின கதை, அதை ஏன் இப்ப" என்றார். ஆனால் டொக்டர் அதைக் கேட்டதும்தான் படத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒருமுறை கழன்ற தோள் பின்னாளில் தேய்வது நன்றாகத் தெரிந்த விஷயம்.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். படத்தில் மோசமாகத் தேய்ந்திருந்தும் வலி குறைவானவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சமாகத் தேய்ந்தும் நித்திரை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வைத்தியம் உங்கள் வலிக்கும் உங்கள் கைக்கும்தான். சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள், அதோடு சீனியையும் பார்த்துவிடுங்கள்.

வலியைத் தணிக்க

பனடோல் என்று நாம் எல்லோரும் சொல்லும் பரசிட்டமோலில் தொடங்கலாம். 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடம்பு மெலிந்தவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கலாம், எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடிமன் குளிசை பலவற்றுக்குள்ளும் அதே பரசிட்டமோல் இருக்கிறது, சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

டைக்குளோபெனாக், இபுபுரோபென் போன்றவை வலியை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர், இதயம், சிறுநீரகம், வயிற்றுப்புண் என்று ஏதாவது இருந்தால் டொக்டர் சொல்லாமல் தொடவேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அப்படித்தான். சொன்னாலும் சாப்பிட்டபிறகு, சொன்ன நாட்களுக்கு மட்டும். பழைய மருந்துத் துண்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் கனபேருக்கு இருக்கிறது, அதை இன்றோடு விடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். பூசும் ஜெல் முழங்காலுக்கும் விரல்களுக்கும் நல்லது, தோள்மூட்டு தசைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் அந்தளவு எட்டாது.

ஒத்தணம் செலவில்லாத மருந்து. இறுக்கத்துக்குச் சூடு, அதிகம் வேலை செய்து வீங்கி வலிக்கும்போது குளிர். சூடென்றால் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் கட்டி, முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்து, பிறகு தோளில் 15 நிமிடம். சீனி வருத்தக்காரருக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகும், அதனால் வேறொருவர் சூடு பார்க்கவேண்டும். குளிருக்கு மீனுக்குப் போடும் ஐஸைத் துண்டில் சுற்றி வையுங்கள், வெறும் தோலில் நேரே வைக்கக் கூடாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் வாதம் போகும் என்று நம் ஆட்கள் காலங்காலமாகப் போகிறார்கள், வெந்நீர் தசையைத் தளர்த்துவது உண்மை, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. போனால் ஏழு கிணற்றிலும் நீங்களே வாளியை அள்ளித் தலைக்கு மேல் தூக்கி ஊற்றாதீர்கள், பிள்ளைகள் தோளில் ஊற்றட்டும்.

நித்திரைதான் பலருக்குப் பெரிய பிரச்சினை. வலிக்கும் பக்கம் படுக்கவேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் மேற்கைக்கும் கீழே ஒரு தலையணை அல்லது மடித்த சாரம் வைத்துக் கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நல்ல பக்கம் படுத்தால் முன்னால் ஒரு தலையணையை அணைத்து வலிக்கும் கையை அதன்மேல் வையுங்கள். அப்பா முதல் இரண்டு மாதம் சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை கொண்டார், அதில் தவறே இல்லை.

பயிற்சி: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

வலிக்கிறது என்று கையைக் கட்டிப்போட்டால் சில கிழமைகளில் உறையும் இறுகும், தசையும் வற்றும், தேய்மானத்தோடு இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். அதேபோல வலியைப் பொருட்படுத்தாமல் பிடித்து இழுத்தாலும் கெடும். எனக்கு இந்த அளவு தெரிந்திருக்கவில்லை, "கையைப் பின்னால் கொண்டுபோங்கோ அப்பா, இன்னும், இன்னும்" என்று துண்டால் இழுத்துவிட்டேன், அன்றிரவு முழுக்க அவர் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். பிறகு பிசியோ சொல்லித்தந்த கணக்கு இது: செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, செய்து முடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் கூடிய வலி நின்றாலோ, அடுத்த நாள் காலையில் முந்தைய நாளைவிட மோசமாக இருந்தாலோ, செய்தது கூடிப்போச்சு, அடுத்த தரம் பாதியாக்குங்கள். முழுக்க நிறுத்தவேண்டாம், பாதியாக்கினால் போதும்.

முதலில் பத்து நிமிடம் ஒத்தணம் வையுங்கள், அல்லது வெந்நீரில் குளித்துவிட்டு வாருங்கள். பிறகு மேசையொன்றைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைக் கீழே தொங்கவிடுங்கள். கையை ஆட்டக் கூடாது, உடம்பை முன்பின் ஆட்ட, கை தானாக ஊஞ்சல்போல ஆடவேண்டும். ஒன்று இரண்டு நிமிடம், பிறகு சின்ன வட்டமாக. தோளில் தசை வேலை செய்யாமல் மூட்டு அசைவதால் மிகவும் வலிக்கும் நாளிலும் இதைச் செய்யலாம். குனிந்தால் தலை சுற்றுகிறவர்கள் கதிரையில் இருந்து செய்யுங்கள்.

அடுத்தது மேசைத் துடைப்பு. மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, வலிக்கும் கையை ஒரு துணியின்மேல் வைத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்துக் கையை மேசையில் வழுக்கிக்கொண்டு போங்கள், பத்துத் தரம். கையைத் தூக்குகிறோம் என்ற நினைப்பே வராது, ஆனால் தோள் நன்றாக மேலே திறந்திருக்கும்.

தும்புத்தடியின் கம்பைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பயிற்சிக்கு அது போதும். மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, நல்ல கை தூக்க, வலிக்கும் கை கூடவே போகட்டும். பிறகு இருந்துகொண்டு, வலிக்கும் பக்கத்து முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, நல்ல கையால் கம்பைத் தள்ளி மற்றக் கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். முதலில் நான் சொன்ன கதவு திறக்கிற அசைவு இதுதான், தேய்மானத்தில் முதலில் போவது இது, அதனால் இதை ஒரு நாளும் விடவேண்டாம்.

அப்புறம் சுவர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டு ஏறுவதுபோல ஏறுங்கள், தோளைக் காதுவரை தூக்கிக் கள்ளம் செய்யாமல். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். எங்கள் வீட்டு மண்டபச் சுவரில் அப்பாவின் கோடுகள் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் உயரம் அளந்த கோடுகளுக்குப் பக்கத்திலேயே.

வலி கொஞ்சம் அடங்கியபிறகு பலத்துக்கு வாருங்கள். கதவு நிலையில் முழங்கையை மடக்கி வைத்து, கை அசையாமல், மெதுவாகத் தள்ளுங்கள், ஐந்து வினாடி, பத்துத் தரம். முன்னுக்கு, பின்னுக்கு, வெளிப்பக்கம், உட்பக்கம். முழுப்பலமும் போடவேண்டாம், பாதிக்கும் குறைவே போதும். கதிரையில் நிமிர்ந்து இருந்து இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்து விடுவதும் நல்லது, கூன்விழுந்த முதுகோடு கை மேலே போகவே போகாது, நீங்களே கூனி நின்று தூக்கிப் பாருங்கள்.

இவற்றை ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம் செய்வதைவிட, நாளைக்கு மூன்று தரம் ஐந்தோ பத்தோ நிமிடம் செய்வது தோளுக்கு இலகு. பத்துப் பன்னிரண்டு கிழமை கொடுத்துப் பாருங்கள், முதல் மாதத்தில் மாற்றம் தெரியாது.

நமக்குக் கடல் இருக்கிறது, அதை மறக்கவேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும். நெஞ்சளவு தண்ணீரில் நின்று கையைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல முன்னும் பக்கமும் தூக்குங்கள், தண்ணீர் கையைத் தாங்குவதால் கரையில் போகாத உயரத்துக்குப் போகும். அப்பா வேறு எந்தப் பயிற்சிக்கும் முகம் சுளித்தாலும் இதற்கு மட்டும் முதல் ஆளாக வெளிக்கிடுவார். வாடை தொடங்கினால் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவர்களானாலும் தலைக்கு மேலே கைவீசி நீந்துவது இந்தத் தோளுக்கு ஆகாது.

வீட்டுக்குள் மாற்றவேண்டியவை

உடுப்புப் போடும்போது வலிக்கும் கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்ததற்கு அம்மா பிசியோவை இன்னும் வாழ்த்திக்கொண்டிருக்கிறா. சட்டைக்கு முன்பக்கக் கொக்கி வைத்துத் தைப்பியுங்கள். தலை வாரும்போது முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். சீனி, தேயிலை, அரிசி டின்கள் மேல்தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு வரட்டும். உடுப்புக் காயப்போடும் கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டுங்கள். கிணற்றில் கப்பியால் அள்ளுவது வேண்டாம், ஒவ்வொரு இழுப்புக்கும் கை தலைக்கு மேலே போகிறது. பாரம் தூக்கவேண்டி வந்தால் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், நீட்டிய கையில் ஒரு கேத்தல் தண்ணீர்கூடத் தோளுக்குப் பெரும் சுமை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காமல் சீற்றின் முதுகைப் பிடியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மரியம் ராத்தாவுக்கும் இதே தோள் நோ (பெயரை மாற்றியிருக்கிறேன்). தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றினால் உயிர் போகிறது என்றா. நல்ல கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பிப் பார்த்தா, அதுவும் கஷ்டமான நாட்களில் கதிரையில் இருந்து தொழுகிறா, அதற்கு அனுமதி இருக்கிறது.

நாட்டு வைத்தியம் பற்றி

எண்ணெய் தேய்ப்பதையும் நொச்சி, ஆமணக்கு இலை ஒத்தணத்தையும் நான் குறை சொல்லமாட்டேன், சூடும் மெல்லிய தடவலும் தசைக்கு இதம். படித்த சித்த வைத்தியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். மூன்று விஷயத்துக்கு மட்டும் இடம் கொடுக்கவேண்டாம். ஒன்று, தோளைப் பிடித்து "சடக்" என்று இழுப்பது. அப்பாவை ஒருவரிடம் கூட்டிக்கொண்டுபோய் நாங்களே அதைச் செய்வித்தோம், ஒரு மாதம் கையை அசைக்க முடியாமல் கிடந்தார். வயதானவரின் எலும்பு அப்படி இழுத்தால் முறியவும் கூடும். இரண்டு, பெயர் எழுதாத தூள், குளிசை. இரண்டு நாளில் வலி மாயமாகப் போய்விட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள், அதற்குள் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம், அது சீனியை ஏற்றும், எலும்பை அரிக்கும். மூன்று, நாட்டு மருந்து தொடங்கினோம் என்று டொக்டர் தந்த மருந்தை நிறுத்துவது.

மூட்டுக்குள் போடும் ஊசி

குளிசையும் பயிற்சியும் போதாதபோது ஸ்டீரொயிட் ஊசியை மூட்டுக்குள் போடுவார்கள். சில கிழமையிலிருந்து சில மாதம்வரை வலி குறையலாம், தேய்மானம் மாறாது. அந்த நல்ல நாட்களைப் பயிற்சிக்குப் பாவியுங்கள், வலி இல்லை என்று படகு தள்ளப் போகாதீர்கள். வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் பொதுவாகப் போடமாட்டார்கள். சீனி வருத்தக்காரருக்கு ஊசி போட்டபிறகு சில நாட்கள் சீனி ஏறும், எனக்கும் ஏறியது, முன்கூட்டியே கேட்டு அளந்துகொண்டிருங்கள். சத்திரசிகிச்சை செய்யும் யோசனை இருந்தால் ஊசிக்கும் அதற்கும் இடையில் மூன்று மாதமாவது விடச்சொல்வார்கள், கிருமித்தொற்று ஆபத்துக்காக. குளுக்கோசமின் போன்ற சத்துக் குளிசைகளுக்குச் செலவழிக்கும் காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் எண்ணம், தோளுக்கு அவை உதவுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

சத்திரசிகிச்சை

இதெல்லாம் மாதக்கணக்கில் செய்தும் இரவில் நித்திரை இல்லை, சோறு வாய்க்குப் போகவில்லை, தனியாக உடுக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்றுவதைப் பற்றிக் கேளுங்கள். இது புதிய விஷயம் இல்லை, 1893இலேயே பாரிஸில் பெயான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் காசநோயால் கெட்ட தோளுக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு மூட்டு செய்து வைத்தார். இன்றைக்கு இரண்டு வகை. தசைநார்கள் நன்றாக இருந்தால் பந்து இருந்த இடத்தில் உலோகப் பந்து, குழி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழி. தசைநார் கிழிந்து போயிருந்தால் தலைகீழ் மூட்டு, பந்தைத் தோள்பட்டைப் பக்கமும் கிண்ணத்தை மேற்கை எலும்பிலும் வைப்பார்கள், அப்போது வெளிப்புறப் பெரிய தசை ஒன்றே கையைத் தூக்கிவிடும். 1980களில் கிராமோன் என்ற பிரெஞ்சு நிபுணர் கொண்டுவந்த யோசனை அது. பத்து வருடம் கழிந்தும் பெரும்பாலான மூட்டுகள் நிற்கின்றன.

நம் ஊரிலிருந்து இதற்குக் கொழும்புபோல வெளியூர் போகவேண்டி வரலாம், அதைத் திட்டத்தில் சேருங்கள். நான்கிலிருந்து ஆறு கிழமை கை கழுத்தில் கட்டிய தூளியில் இருக்கும், ஒரு கையால் சமையல், குளியல், மலசலகூடம் எல்லாம் நடக்கவேண்டும், அதனால் போவதற்கு முன்பே மற்றக் கையால் செய்து பழகுங்கள், வீட்டில் ஒருவர் துணை வேண்டும். முழுப் பயனும் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பற்சொத்தை, புண், சிறுநீர்த்தொற்று எதுவும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், சீனியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைப்பவர்கள் நிறுத்துங்கள்.

அப்பா இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார், டொக்டரும் அவசரம் இல்லை என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் கொப்பியோடு போகும்போது சுவர்க் கோடுகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவோம். கோடு ஏறினால் பயிற்சி தொடரும், ஒரே இடத்தில் நின்றால் பிசியோவிடம் போய்ச் செய்கிற விதத்தைப் பார்க்கச் சொல்வோம், இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் கிளினிக் நாள்வரை காத்திருக்கமாட்டோம். போன மாதக் கோடு அவருடைய மூக்கு உயரத்தில் இருந்தது. இந்த மாதத்தையது நெற்றிக்கு வந்திருக்கிறது.